குமரேசன் மறுபடி அளக்காத இடம்

"சர்வேயர் குமரேசன் மாரடைப்பால் காலமானார்" என்று நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பொய். விதைப்பையில் வந்த புற்றுநோயால் செத்தான். இந்த உண்மையை எழுதச் சொன்னவர் அவன் மனைவி. அந்த நோயின் பெயரைச் சொல்லக் கூசிய உங்கள்மேல் எனக்குக் கோபம். அவன்மேல் அதைவிடக் கோபம்.

எங்களை முதலில் சேர்த்துவைத்தது அலுவலகம் அல்ல, ஆஸ்பத்திரி வார்டு. இருவருக்கும் அதே நோய்; ஆளுக்கொரு பக்க விதையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அறுவை சிகிச்சை மட்டும், அவனுக்குக் கீமோவும். வீடு திரும்பும் நாளில் டாக்டர் தெளிவாகவே சொன்னார்: "கீமோ ஏத்துனவங்களுக்கு இன்னொரு பக்கம் வர்றது கம்மி. வெறும் ஆபரேஷன்னா அதைவிட ஜாஸ்தி. ஆனா வரவே வராதுனு இல்லீங்க. ரெண்டு பேரும் மாசாமாசம் கையால தடவிப் பாருங்க."

முதல் வாக்கியத்தோடு அவன் காது அடைத்துக்கொண்டது. வராந்தாவில் மொட்டைத் தலையைத் தடவியபடி சிரித்தான்: "எனக்கு மருந்து காவலுக்கு இருக்குது. பயப்பட வேண்டியது நீதான்டா." அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு வரப்புத் தகராறு. அளந்தாயிற்று, இரு தரப்பும் ஒப்புக்கொண்டாயிற்று, கல் நட வேண்டியதுதான் பாக்கி. இவன் தடுத்தான். "ஒருக்கா அளந்தா அது ஊகம்ங்க. மறுக்கா அளந்தாதான் அளவு." கொளுத்தும் வெயிலில் மறுபடி அளவுச் சங்கிலி பிடித்தான். ஒரு முழம் தப்பியிருந்தது. ஊரான் நிலத்துக்கு இவ்வளவு பார்த்தவன், தன் உடம்புக்கு அரை வாக்கியத்தை நம்பினான்.

போன வருடம் கிரிவலம் போகையில், டீக்கடை வாசலில், மிச்சமிருந்த பக்கம் வீங்கியிருப்பதாகச் சொன்னான். உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"சும்மா நீர் கோத்துக்கிச்சு. கீமோ எடுத்தவனுக்கு எப்படிடா வரும்?"

கெஞ்சினேன், திட்டினேன். பேச்சையே நிறுத்திக்கொண்டான். ரகசியம் என்று நானும் அவன் மனைவியிடம் சொல்லவில்லை. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. அவன் போய்க் காட்டியபோது நுரையீரல் வரைக்கும் பரவியிருந்தது.

குமரேசா, நீ சிரிக்கிற அஞ்சலி பேனரின் முன்னால் நான் நிற்கவில்லை. உன் வாயிலிருந்து வந்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பௌர்ணமிதோறும் குளியலறைக் கதவைத் தாழிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றைத் தடவிப் பார்க்கிறேன். கட்டி எதுவும் இல்லை என்று மூச்சு விடுகிறேன். பிறகு, உன்னைத் திட்டிக்கொண்டே, மறுபடி ஒருமுறை பார்க்கிறேன்.