திருமயத்துச் சுவரில் சுற்றிய காத்தாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு, செய்வினை, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வருடக்கணக்காக விமானங்களுக்கு அடியில் படுத்து போல்ட் முறுக்கியவன் நான். ஆளில்லாத ஹேங்கரில் தனியாக ராத்திரி டூட்டி பார்த்திருக்கிறேன். அங்கே என்னைப் பயமுறுத்திய ஒரே உருவம் எங்கள் சூப்பர்வைசர்தான், அவர் உயிரோடுதான் இருந்தார். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமே இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். இது ராத்திரியில்கூட நடக்கவில்லை, பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

என்னிடம் ஒரு விமானம் இருக்கிறது. இந்த வரியிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், கொஞ்சம் இருங்கள். இரண்டு பேர் உட்காரும் பழைய காலத்துச் சின்ன விமானம். இறக்கையெல்லாம் துணி, மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்து, மருந்து பூசி விறைப்பாக்கியது. முன்னால் மரத்தில் செதுக்கிய புரொப்பல்லர், எங்கள் ஊர்ப் பேச்சில் காத்தாடி. என்னோடு வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பி மாடி வீடு கட்டினார்கள், நான் பழைய இரும்புக்காரர் ஒருவரிடமிருந்து இதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இலுப்பூருக்குப் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன கடலை குடோனில்தான் நிறுத்தியிருக்கிறேன். பறந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அனுமதி கிடைப்பதற்குள் நான் இறக்கை இல்லாமலே மேலே போய்விடுவேன் போலிருக்கிறது. அதுவரைக்கும் துணியை ஒட்டுவது, எண்ணெய் மாற்றுவது, எப்போதாவது இன்ஜினைத் தரையில் ஓட்டி அக்கம்பக்கத்து ஆடுகளைக் கலைப்பது, இவ்வளவுதான் என் விமானப் படை. ஒருமுறை பக்கத்து வீட்டு மாடு வால் பக்கத்தில் ஒரு முழம் துணியைத் தின்றுவிட்டது, மாட்டுக்காரர் வந்து மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று என்னிடம் சண்டை போட்டார்.

இப்போது என் சகலை பிரான்சிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி ரீட்டாவின் அக்காள் கணவர். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி ஓட்டலாக ஆக்கியிருக்கிறார். சுவர் முழுக்கப் பழைய சாமான்: ஓடாத கடிகாரம், உடைந்த ஜாடி, யாருடைய கல்யாணப் படமோ. அவர் ஒருநாள் குடோனுக்கு வந்து காத்தாடியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வார்னிஷ் உரிஞ்சு கெடக்கே சகலை. காரைக்குடியில நமக்குத் தெரிஞ்ச ஆசாரி இருக்காரு. புதுசாட்டம் ஆக்கித் தந்துர்றேன், குடு" என்றார்.

கொடுத்தேன். நானே ஸ்பானர் எடுத்து, நானே கழற்றி, போர்வையில் சுற்றி, அவர் காரில் ஏற்றி, "பாத்துப் போங்க" என்று வேறு சொல்லி அனுப்பினேன். என் புத்திசாலித்தனத்தைப் பற்றி இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

மாதங்கள் போயின. கேட்டால் ஆசாரிக்கு உடம்பு சரியில்லை என்பார், ஆசாரி வீட்டில் விசேஷம் என்பார். அப்புறம் சகலையின் பேத்தி ஞானஸ்நான விருந்துக்கு அந்த ஓட்டலுக்கே போனோம். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் என் காத்தாடி தொங்குகிறது. நடு ஓட்டையில் ஒரே ஒரு தடித்த போல்ட் அடித்து, கீழே விளக்கு போட்டு, பளபளவென்று. அதன் அடியில் நின்று சகலை ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருக்கிறார், இது எங்கள் தாத்தா ஓட்டிய விமானத்தின் காத்தாடி என்று. அவர் தாத்தா வாழ்நாளில் ஓட்டியது கட்டைவண்டி. அதிலிருந்தும் விழுந்தவர்.

அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "சகலை, அது என்னோடது."

"இருக்கட்டுமே. நீ என்ன நாளைக்கே லண்டனுக்கா பறக்கப் போறே? அங்க கோழி ஏறி உக்காந்துக்கிட்டு இருந்துச்சு. இங்க நாலு பேரு பாத்து போட்டோ எடுக்குறான்."

"எனக்கு வேணும்."

"இந்தா, பாயசம் சாப்புடு." டம்ளரைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாயசத்தையும் நான் குடித்தேன், அதுதான் இன்னும் கேவலம்.

அந்த இன்ஜினுக்கென்றே செதுக்கிய காத்தாடி அது. அதே மாதிரி இன்னொன்று தேடி நான் எழுதாத ஊர் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அது இல்லாவிட்டால் என் விமானம் சக்கரம் வைத்த கூடாரம், அவ்வளவுதான். போலீசுக்குப் போகலாம் என்றால் ரீட்டா விடவில்லை. "எங்க அக்கா வாழுற எடம்ங்க. ஒரு கட்டைக்காகப் போயி ஸ்டேஷன்ல நிக்காதீங்க" என்றாள். சரி என்றேன். அடக்கிக்கொண்டேன் என்று நினைத்தீர்களா? ராத்திரி பகல் அந்த ஆளை எப்படிப் பழிவாங்குவது என்பதைத் தவிர வேறு யோசனையே இல்லை. குளித்தால் அந்த யோசனை, கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாலும் அந்த யோசனை.

இன்ஜினை மட்டும் நான் கைவிடவில்லை. சும்மா கிடக்கும் இன்ஜினை வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வடிந்து உள்ளே துரு பிடிக்கும். காத்தாடி இருந்தால் அதைப் பிடித்தே சுற்றலாம். இல்லாததால், அது உட்காரும் வட்டத் தட்டில் இரண்டு போல்ட்டை மாட்டி, நடுவில் கடப்பாரையைக் கொடுத்துத் தள்ளுவேன். தள்ளுவதற்கு இலகுவாக ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தேன். அதாவது இன்ஜின் தானாகக் கிளம்ப வழியே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு தள்ளுக்கும் சகலைக்கு ஒரு சாபம் என்று கணக்கு வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாரியப்பன். எங்கள் ஊர்ப் பையன்தான், சகலை ஓட்டலில் சமையலும் பரிமாறலும் அவன் பொறுப்பு.

"அண்ணே, ஒங்க காத்தாடி சுத்துதுண்ணே."

"காத்து அடிச்சிருக்கும்டா."

"சன்னல் கதவெல்லாம் சாத்தி ஏசி ஓடுது. காத்து எங்கிட்டு இருந்து வரும்? கொஞ்சம் சுத்துது, நிக்கிது. கொஞ்சம் சுத்துது, நிக்கிது. யாரோ புடிச்சுத் தள்ளுறாப்புல இருக்குண்ணே."

என் கையில் இருந்த கடப்பாரையைப் பார்த்தேன். "போனை வைக்காதே" என்று சொல்லிவிட்டு, கால் சுற்றுத் தள்ளினேன்.

"இப்ப?"

"சுத்துச்சு. கால் சுத்து."

சும்மா நின்றேன். "இப்ப?"

"நிக்கிது."

மறுபக்கமாகத் தள்ளினேன். போனில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம். பிறகு, "திரும்பிப் போவுதுண்ணே... அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?"

"இலுப்பூர்லதான்டா. குடோன்ல."

"நான் வேலைய விட்டுறட்டுமாண்ணே?"

புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? கடப்பாரையைப் போட்டுவிட்டு சாமியாரைக் கூப்பிடுவான். நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். குடோனில் தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தேன். நம்பினால் நம்புங்கள், பயம் என்பது அன்று எனக்குத் துளியும் வரவில்லை. ஆண்டவர் என் பக்கம் நின்று கையில் கடப்பாரையைக் கொடுத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் வாழ்க்கையின் பொற்காலம். காதில் போனை மாட்டிக்கொண்டு காத்திருப்பேன். மாரியப்பன் அந்தப் பக்கம் கிசுகிசுப்பான்: "தாத்தா கதை ஆரம்பிச்சுட்டாருண்ணே." மெதுவாக ஒரு தள்ளு. "வெள்ளக்காரம்மா மேல பாக்குதுண்ணே." இன்னொரு தள்ளு. ஒருநாள் காத்தாடி முனை கீழே இருந்த விளக்கைத் தட்டி ரசத்துக்குள் தள்ளிவிட்டது. இன்னொரு நாள் ஒரு கூட்டமே பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பேய் வீடு என்று பேச்சு கிளம்பி, ரூம் போட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். ரீட்டாதான் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஞாயித்துக்கிழமைன்னா ஒங்க மூஞ்சியே சரியில்லங்க. இப்புடிச் சிரிக்காதீங்க, எனக்குப் பிடிக்கல."

சகலை சும்மா இருப்பாரா? கொத்தனாரை வைத்து இரும்புப் பட்டை போட்டுக் காத்தாடியைச் சுவரோடு இறுக்கிவிட்டார். அந்த வாரம் இங்கே கடப்பாரை அசையவில்லை. பிளக் வெளியேதான் இருக்கிறது, எண்ணெய் சரியாக இருக்கிறது, முந்தின வாரம் வெண்ணெய் மாதிரி சுற்றிய இன்ஜின். இப்போது யாரோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி நிற்கிறது. எனக்கு வெறி வந்துவிட்டது. என் பொருளை எடுத்ததுமில்லாமல் கட்டியும் போடுகிறாயா என்று நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினேன். போனில் மாரியப்பன் பதறினான்.

"சொவரு விரியுதுண்ணே! பட்டை இழுக்குது... சாரு ஸ்டூலப் போட்டு ஏறிட்டாரு, திருப்புளியோட. தலை காத்தாடிக்கு நேரா இருக்கு. அண்ணே, ஒங்கள கெஞ்சிக் கேக்குறேன், கைய எடுங்க!"

எடுக்கத் தோன்றவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை, இன்னும் ஒரே ஒரு தள்ளு என்றுதான் மனது சொன்னது. அந்தப் பாயச டம்ளர் கண்ணுக்குள் வந்தது. அப்புறம் ரீட்டாவின் அக்காள் முகமும் வந்தது. கையை எடுத்துவிட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, போலீசிடம் மாட்டிய திருடன் மாதிரி நின்றேன், பார்க்க ஒரு கோழிதான் இருந்தது.

கடப்பாரை நகர்ந்தது.

என் கண் முன்னால், யார் கையும் படாமல். வேகமாகக்கூட இல்லை. தொழில் தெரிந்தவன் நிதானமாகத் தள்ளுவதுபோல ஒரே சீராக அரைச் சுற்று. இன்ஜினுக்குள் களக் என்று ஒரு சத்தம். போனில் சுவர் பெயர்கிற சத்தம், ஸ்டூல் விழுகிற சத்தம், மாரியப்பன் "ஆத்தா!" என்று அலறுகிற சத்தம். அவனைத் திட்டுவதற்காகச் சகலை அந்த நொடியில் திரும்பியிருந்ததால் அடி தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. திரும்பாமல் இருந்திருந்தால், மாரியப்பன் சொன்ன இடத்தில்தான் தலை இருந்திருக்கும்.

கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அந்த வாரமே குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார் சகலை. பின்னால் போர்வைக்குள் என் காத்தாடி.

"எறக்கிக்க."

"ஏன் சகலை, தாத்தா நெனப்பா அங்கயே இருக்கட்டுமே."

"வாய மூடு." குடோனுக்குள் எட்டிப் பார்த்தார். "நீ அன்னைக்கு எங்க இருந்தே?"

"இங்கதான். ரீட்டாகிட்ட வேணா கேளுங்க."

"தள்ளிவிட்ட மாதிரி இல்லடா அது. என் தலை எங்க இருக்குன்னு பாத்து வந்துச்சு."

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "பாயசம் சாப்புடுறீங்களா சகலை?" என்று கேட்டேன். சகலை வண்டியில் ஏறிவிட்டார். அவர் போன பிறகு அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். காத்தாடியைத் துடைத்து, மாட்டி, போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்கி, பூட்டுக் கம்பியும் போட்டேன். பிளக் மாட்டவில்லை. இன்ஜினை ஓட்ட ஏனோ மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குனிந்து காத்தாடியில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது கால் சுற்று நகர்ந்து என் காதைத் தொட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து, மறுபக்கமாகக் கால் சுற்று. நின்றது.

காற்று அப்படித் தள்ளாது. சோதித்துப் பார்க்கிற ஆள்தான் அப்படித் தள்ளுவான். எனக்குத் தெரியாதா, நானே செய்ததுதானே?

அன்றிலிருந்து அதைக் கயிற்றால் தூணோடு கட்டி வைத்திருக்கிறேன். யார் என் மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டேன். வாய்க்கொழுப்பு பிடித்தவனுக்கு விரோதிகள் நிறைய. இந்த விமானத்தையே அந்த இரும்புக்காரர் யாரிடமிருந்து, எப்படிக் கொண்டுவந்தாரோ, அதுவும் எனக்குத் தெரியாது. எவனோ இருந்துவிட்டுப் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று.

நான் குடோனில் இல்லாதபோது அது அசைவதில்லை. வெளியே நின்று கதவு இடுக்கு வழியாக எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அசைவதே இல்லை. உள்ளே போய், என் தலை அதன் பக்கத்தில் போகிறபோது மட்டும் கயிறு இறுகுகிறது. சகலை தலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது மாரியப்பன் பார்த்துச் சொன்னதால். குடோனில் என்னைத் தவிர யாரும் இல்லை. அப்படியென்றால் எங்கிருந்தோ தள்ளுகிற அவனுக்கு, இங்கிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது யார்?