மூன்று நாள் கையெழுத்தும் ஒரு ரிவால்வரும்

“…பத்து நாளும் இடுப்புல உறையிலயேதான் இருந்துச்சுங்க ஐயா. நடுவுல ஒருவாட்டி எடுத்துப் பார்த்திருக்கணும். பார்க்கல. தப்பு என்னுதுதான்.”

எஸ்.ஐ. தணிகாசலம் டி.எஸ்.பி. முன்னால் விறைப்பாக நின்று இப்படிச் சொன்னபோது, நான் இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். அந்த ஸ்டேஷனில் நான் ஏட்டு. ஆயுதங்களைச் சுத்தம் செய்து பூட்டிவைப்பது என் வேலை. டி.எஸ்.பி. கையில் இருந்தது எஸ்.ஐ.யின் ரிவால்வர். அதைக் கெடுத்தவன் நான்.

டி.எஸ்.பி. குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “வெளிய மாப்பிள்ளை மாதிரி மினுக்குது. உள்ள பாருய்யா, துருப்பிடிச்சுப் பாழுங்கிணறு. புக்குல ஏட்டு மூணு நாளும் கிளீன் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்ப கெடுத்தது நீதானே? எக்ஸ்பிளனேஷன் எழுதி வை. பக்கத்து ரூம்ல ரெக்கார்டு பார்த்துட்டு வர்றேன்.”

இன்ஸ்பெக்டர் பதவிக்கான லிஸ்டில் தணிகாசலம் பெயர் போயிருந்த வருஷம் அது. எழுபதுகளின் கடைசி. இப்படி ஒரு காகிதம் சர்வீஸ் புக்கில் ஏறினால் லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும் என்பது ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு சுடும் பயிற்சி நடந்தது. எஸ்.ஐ. ஆறு குண்டு சுட்டார், ஒன்றுதான் போர்டில் பட்டது. “மீதி அஞ்சும் மலை சுத்தப் போயிடுச்சு ஏட்டு” என்று சிரித்துக்கொண்டே ரிவால்வரை என்னிடம் கொடுத்தார்.

சுட்ட ரிவால்வரை எப்படிச் சுத்தம் செய்வது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். முதலில் குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பிறகு குழலிலும் குண்டு போடும் ஆறு அறையிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். புதுப் பிள்ளைகள் இதைக் கேட்டால், “இரும்புல தண்ணியா?” என்று சிரிப்பார்கள். அந்தக் காலத்துத் தோட்டா வெடித்தால் உள்ளே ஒருவித உப்பு படியும், விட்டால் குழலையே துருவாக்கிவிடும். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. தண்ணீர் ஊற்றியபின் கிளீனிங் ராடில் ஃபிளானல் துணியைச் சுற்றி, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுக்க வேண்டும். ஈரம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகே எண்ணெய், அதுவும் கம்மியாக. மறுநாள் திறந்து பார்த்தால் குழல் மறுபடி வியர்த்திருக்கும். அதனால் மூன்று நாளும் விடாமல் துடைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். ஆனால் தீபம் வந்தால் எங்கள் ஊரில் போலீஸ்காரன் வீடு சத்திரமாகிவிடும். அந்த முறை பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். மனைவியின் தங்கை மகள் கேட்டாள்: “மாமா போலீஸ்ல இருந்தும் நாங்க ஜனத்துல நசுங்கணுமா?” அந்த ஒரு வார்த்தைக்காக, கோயிலுக்குள் நின்று தீபம் பார்க்க பாஸ் வாங்குவதற்கு யார் யார் காலிலோ விழுந்தேன். பயிற்சி முடிந்த அன்று ரிவால்வரின் வெளியே எண்ணெய் தடவினேன். குழலுக்குள்ளும் நாலு சொட்டு விட்டேன். உப்பின் மேலேயே எண்ணெய் போட்டு மூடிவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. அவசரத்தில் அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, ரிவால்வரை உறையில் செருகிக்கொண்டு தீபப் பந்தோபஸ்துக்குப் போனார். பத்து நாளும் மழை. அது முடிந்த கையோடு டி.எஸ்.பி. ஸ்டேஷனைச் சோதிக்க வந்துவிட்டார்.

இதைப் படிக்கிற இளம் போலீஸ்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். துருவைச் சுரண்டலாம், குழலை மாற்றலாம். செய்யாத வேலைக்குப் போட்ட கையெழுத்தை எதைப் போட்டும் தேய்க்க முடியாது. தணிகாசலத்துக்கு அந்த வருஷம் பதவி கிடைக்கவில்லை. அடுத்த மூன்று வருஷமும் கிடைக்கவில்லை. அவரிடம் வேலை கற்ற ஒருவர் இன்ஸ்பெக்டராக வந்தபோது, தணிகாசலம் எழுந்து நின்று சல்யூட் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கு டி.எஸ்.பி. பக்கத்து அறைக்குப் போனதும், எஸ்.ஐ. காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் மேஜைக்கு அருகில் போனேன்.

“ஐயா, நான் தண்ணியே ஊத்தல. மூணு நாள்னு எழுதினது பொய்.”

அவர் நிமிரவில்லை. “உறையில இருந்தா துரு வெளியதான்யா ஏறும். உள்ள எப்படி ஏறும்? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏங்க ஐயா தப்பு உங்களுதுனு சொன்னீங்க?”

“பார்க்காம கீழ கையெழுத்துப் போட்டேன். உறையிலயே வெச்சிருந்தேன். அது ரெண்டும் என் தப்பு, ஒத்துக்கிட்டேன். உன் தப்ப நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். அத நீதான் சொல்லணும்.” பேனாவால் பக்கத்து அறையைக் காட்டினார். “இன்னும் உள்ளதான் இருக்காரு. நாலு அடி.”

எனக்கு இன்க்ரிமென்ட் ஞாபகம் வந்தது. சஸ்பென்ஷன் ஞாபகம் வந்தது. வீட்டில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். கால் நகரவில்லை.

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“என்னய்யா, எழுதியாச்சா?” என்றது டி.எஸ்.பி.யின் குரல்.

தணிகாசலம் இன்னும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.