முனிவேல் துடைத்த குதிகால்

கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் இடது கன்னத்தில் இருந்த மருவை முனிவேல் மவுஸின் ஒரே தட்டில் காலி செய்துவிட்டார். மாப்பிள்ளை கேட்கவில்லை, முனிவேலும் யாரையும் கேட்டுச் செய்கிற ஆள் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் அவருடைய ஸ்டுடியோ கம்ப்யூட்டரைத் தாண்டி ஒரு பருவோ தழும்போ வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது. கம்பெனி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி வழவழவென்று திரும்பிப் போவார்கள். அட்டையில் இருப்பது வேறு ஆளோ என்று கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சந்தேகப்பட்டு நிறுத்தினால், அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

"இருக்கறத இருக்கற மாதிரியே காட்ட எதுக்குங்க ஸ்டுடியோ? அதுக்குத்தான் வீட்ல கண்ணாடி இருக்குதே!"

தளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிற ஆஞ்சப்பன் இவரிடம்தான் வந்து காலை நீட்டினார். பண்ணை ஆட்களுக்குச் செல்போனிலேயே தோல் புற்றுநோய் பற்றி வகுப்பு நடந்திருந்தது. உடம்பில் கறுப்பாக ஏதாவது புதிதாய்த் தோன்றினால் படம் எடுத்து அனுப்பினால் போதும், பெங்களூரில் இருக்கிற டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆஞ்சப்பனின் குதிகாலில் பொட்டு அளவுக்குக் கறுப்பு. தன் போனில் மங்கலாக விழுகிறதே என்று தெளிவான படம் கேட்டு வந்தார்.

படம் எடுத்து முடிந்து அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் முனிவேல் வேலையில் இறங்கினார். டாக்டர் பார்க்கப்போகிற படம். அதை அழுக்கோடு அனுப்பினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? வெடிப்பு, கறுப்பு எல்லாம் போய்க் கல்யாணப் பெண்ணின் குதிகால் வந்தது. ஆஞ்சப்பன் கொடுத்துவிட்டுப் போன டாக்டர் நம்பருக்குத் தன் போனிலிருந்தே அனுப்பினார். "கறுப்பு எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்" என்று தமிழில் பதில் வந்தது. ஆஞ்சப்பன் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம்; தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அதனால் முனிவேலே போன் போட்டுப் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்து நன்றி சொல்ல ஒரு கட்டு ரோஜாவோடு ஆஞ்சப்பன் வந்தார். நொண்டிக்கொண்டே வந்தார்.

"கால்ல என்னண்ணா?"

"அதே கறுப்புதான் தம்பி. இப்ப அகலமாயிருச்சு, ரத்தமும் கசியுது. டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாருல்ல, உட்டுட்டேன்."

மனுஷன் தன் காலை நம்பாமல் முனிவேலின் படத்தை நம்பியிருக்கிறார். இத்தனை வருஷத் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. இந்த மரியாதை ஆளையே கொன்றுவிடும் போலிருந்தது.

"தப்பு எம்மேலதாண்ணா. டாக்டர் பாக்க வேண்டியத நாந்தான் அழிச்சுட்டேன்."

ஆஞ்சப்பன் புரியாமல் சிரித்தார். முனிவேல் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துப் படம் எடுத்தார். கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் அப்படியே அனுப்பினார். முன்பு அனுப்பியது தான் துடைத்த படம் என்பதையும் கீழே எழுதினார்.

ஆஞ்சப்பனுக்கு வாங்கிய டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்ன தம்பி போட்டிருக்காரு? ஒண்ணுமில்லதான?"

ஆமாம் என்று சொல்லிவிட முனிவேலின் நாக்கு துடித்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இது புற்றுநோயாக இருக்கலாம்" என்பதில் தொடங்கி, "நாளைக்கே நேரில் வாருங்கள்" என்பதுவரை, ஒரு சொல்லையும் விடாமல் சத்தமாகப் படித்தார்.