பாட்டுக்கு முன்னால் ஒரு பந்தயம்

ஓசூர் தாண்டிய பொட்டல் வெளியில் கார் பந்தயம் நடக்கிறது. சாயங்காலம் அதே மைதானத்தில் பெரிய பாடகரின் கச்சேரி. இரண்டுக்கும் ஒரே டிக்கெட். கார்கள் உயிரைக் கொடுத்துப் பறக்கின்றன. பார்க்க வந்தவர்களைவிடக் கொடி ஆட்டுகிறவர்கள்தான் அதிகம்.

மேடைக்கு முன்னே, முதல் வரிசையில் ஒரு பெண் மட்டும் பந்தயத்துக்கு முதுகைக் காட்டி, காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறார். மூக்கண்டப்பள்ளி கல்பனா. பைக் கம்பெனியில் இன்ஜின் டெஸ்டிங் வேலை.

"ரேஸ் பார்க்கலையா?" என்கிறேன் சத்தமாக.

"வாரம் பூரா இந்தச் சத்தத்துலதான் சார் கெடக்கறேன். லீவு நாள்ல காசு குடுத்து வேற கேக்கணுமா? எங்க கம்பெனி ஆளுங்க எல்லாம் பாட்டுக்குத்தான் வருவாங்க. நான் எடம் புடிக்க வந்தேன்."

அவர் சொன்னபடியே, பொழுது சாய்ந்ததும் கூட்டம் நெரிகிறது. கையில் கோப்பையோடு, வியர்வை வழிய ஓர் இளைஞர் முன்வரிசைக்கு வருகிறார். இடமில்லை என்று காவலாளி மறிக்கிறார்.

"நான்தாங்க ஜெயிச்சேன்."

"எதுல சார்?"

இளைஞர் கோப்பையைத் தூக்கிக் காட்டுகிறார். கல்பனா பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

"இங்க ஒக்காருங்கண்ணா."