பெயர் போடாத ஜெப விண்ணப்பம்

கர்த்தரை நம்பியிருக்கும் என் சகோதர சகோதரிகளுக்கு, திருமுல்லைவாயிலிலிருந்து ரூபி எழுதுகிறேன். கர்த்தர் செய்ததைச் சொல்லும் சாட்சி என்றால் சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். போன வருடம் என்னிடம் ஏழு குழந்தைகள் இருந்தார்கள். என் வீட்டில் ஒரே ஒரு சட்டம். சளி, இருமல் உள்ள பிள்ளையைக் கொண்டு வரக் கூடாது. ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும். வாசலில் இருமல் சத்தம் கேட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் சபைப் பெண்களின் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் ஒரு விண்ணப்பம் வந்தது. குழுவை நடத்தும் எஸ்தர் அக்கா போட்டிருந்தார். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரி பாலில் தூக்க மருந்து கலக்கிறாராம். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும், அந்தச் சகோதரி மனந்திரும்பவும் பாரத்தோடு ஜெபியுங்கள்."

நானும் "ஆமென்" என்று போட்டேன், கும்பிடும் கை இரண்டு வைத்து. யாரோ பாவி என்று நினைத்தேன். அரிசி களையும்போதுதான் உறைத்தது, எங்கள் சபையில் பிள்ளை பார்க்கிறவள் நான் ஒருத்திதானே! ஓடிப்போய் பார்த்தால் எனக்குக் கீழே நாற்பது ஆமென்.

மறுநாளே எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"யாருக்கா சொன்னது?"

"நான் உன் பேரே போடலியே ரூபி. ஜெபத்துக்குத்தானே போட்டேன்."

"அது என்னைத்தான்னு எல்லாருக்கும் தெரியும்க்கா. இல்லேன்னு ஒரு வார்த்த போடுங்க."

"நம்பி சொன்னவங்கள நான் காட்டிக் குடுக்க முடியாது. நீ ஜெபம் பண்ணு, கர்த்தர் பாத்துப்பாரு."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஜெபம் என்று சொல்லிவிட்டால் வாயைத் திறக்க முடியுமா?

இரண்டு வாரத்தில் ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். முதலில் நின்றது இரண்டரை வயது ஜெனி. அவள் அம்மா சுதா எங்கள் சபைதான், துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. ஜெனி கொஞ்ச நாளாக வந்ததுமே தூங்கிவிடுவாள். நான் கேட்டதற்கு, "ராத்திரி தூங்கலக்கா" என்றாள் சுதா. நானும் நம்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "இன்னாடி இது, ஸ்டாண்டுல எவனோ கேக்கறான், உன் ஊட்ல கொயந்தைக்கு மருந்து குடுக்கறாங்களாமேன்னு. நான் இன்னான்னு சொல்றது?" அன்று நான் அழுத அழுகையை எழுத முடியாது.

என் ஜெபமும் நல்ல ஜெபமாக இல்லை. பொய் சொன்ன வாய் கோணிப்போகட்டும் என்றுதான் கேட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் அப்பம் எடுக்கும் திருவிருந்து. மனதில் இவ்வளவு கசப்போடு அப்பத்தைத் தொட எனக்குப் பயம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தட்டை அப்படியே பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டேன். அதையும் பார்த்துவிட்டு, "குத்தம் இருக்கறதாலதானே எடுக்கல" என்று பேசினார்கள். எடுத்திருந்தாலும் பேசியிருப்பார்கள்! கடைசியில் சண்டை போட்டு ஓய்ந்தவள் மாதிரி, "ஆண்டவரே, யாரையும் தண்டிக்க வேண்டாம், உண்மை மட்டும் வெளியே வரட்டும்" என்று கேட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை வீட்டுக்காரர் போன் செய்தார். "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வா. சுதா கொயந்த கண்ணு முயிக்கல." பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுதா ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். அத்தனை ஆட்டோ ஓடும் ரோட்டில் அந்த நேரத்தில் வந்து நின்றது இவருடையது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அதட்டிக்கொண்டிருந்தார். "என்ன குடுத்தீங்க? உண்மைய சொன்னாத்தான் காப்பாத்த முடியும்." சுதா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"இருமல் மருந்து சார். மூணு மூடி. இப்ப வுடற எடத்துலயும் இருமுனா புள்ளய சேத்துக்க மாட்டாங்க, லீவு போட்டா வேல பூடும். முன்ன அக்கா ஊட்டுக்கு அனுப்பும்போதும் குடுத்துக்கினுதான் இருந்தேன். ஏன் தூங்கிக்கினே கீதுன்னு மாமியார் கேட்டாங்க. பயத்துல அக்கா மேல சொல்லிட்டேன்."

அந்த மாமியார்தான் எஸ்தர் அக்காவிடம் ஜெபத்துக்குச் சொல்லியிருக்கிறார். நான் கேட்ட உண்மை என் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, "பிள்ளையைக் கொடும் ஆண்டவரே" என்று மட்டும் கேட்டேன். என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. மத்தியானம் ஜெனி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். ஸ்தோத்திரம், ஆயிரம் ஸ்தோத்திரம்!

அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முன் சுதா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அன்று நானும் அவளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அப்பம் எடுத்தோம். மன்னித்துவிட்டேனா என்றால், சுதாவை மன்னித்துவிட்டேன். அந்த ஜெபக் குழுவை மன்னிக்க இன்னும் கிருபை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் பழைய விண்ணப்பம் அழிக்கப்பட்டதே தவிர, "ரூபி மேல் தவறில்லை" என்று இன்றுவரை யாரும் அதில் போடவில்லை. என்னிடம் வந்து வருத்தம் சொன்னவர்கள் மூன்றே பேர்.

ஆனாலும் கர்த்தர் என்னையும் விட்டு வைக்கவில்லை. என் கறார் சட்டத்துக்குப் பயந்துதானே அவள் மருந்து ஊற்றினாள்? இப்போது சளி பிடித்த பிள்ளைக்கு உள்ளறையில் தனிப் பாய் போட்டிருக்கிறேன். என்ன மருந்து கொடுத்தார்கள் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஜெனி உட்பட நான்கு பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் மேல் பொய்ப் பழி விழுந்திருந்தால் அவரிடம் அழுங்கள், கோபத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் கேட்கிறார். அடுத்தவர் மேல் விழுந்ததைக் கேள்விப்பட்டால் ஆமென் போடுமுன் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "இந்தப் பிள்ளை ஏன் இப்படித் தூங்குது ரூபி?" என்று கேட்டிருந்தால், நாங்கள் ஜூலையிலேயே சுதாவைக் கூப்பிட்டுக் கேட்டிருப்போம். ஜெனியின் பாதுகாப்புக்காக எல்லோரும் ஜெபித்தோம். அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.