வாய்க்கால் மேட்டுத் தும்பை

கீரப்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால், வாய்க்கால் மேட்டில் ஒரு புறம்போக்கு இருக்கிறது. ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் போகும். அதைச் சுத்தம் செய்து தும்பை, ஆவாரை, சங்குப்பூ என்று காட்டுப் பூக்களாகவே விதைப்பது என்று தெருக்காரர்கள் சிலர் முடிவெடுத்தோம். "தானா மொளைக்கிறதுக்கு ஒரு தோட்டமா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட ஒரு கூடை குப்பை அள்ள வரவில்லை.

ஞாயிறு தவறாமல் வந்தது பக்கத்து வீட்டு அக்காதான். அக்காவுக்குப் பூவில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. குப்பை விழ ஆரம்பிப்பதற்கு முன்பு, கைக்குழந்தைகள் இறந்தால் அந்த மேட்டில்தான் புதைப்பார்கள். கல் வைப்பதில்லை, அடையாளமும் கிடையாது. அக்காவின் முதல் குழந்தை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. அதுவும் அங்கேதான் இருக்கிறது. பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லாததால் அக்கா புதைத்த இடத்தைப் பார்த்ததே இல்லை. துணியில் சுற்றித் தூக்கிப் போனவர் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். எந்த இடம் என்று அக்கா கேட்கும்போதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"மறந்துட்டேன், வுடு."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம். எதைத்தான் மறப்பது என்று ஒரு அளவு வேண்டாமா?

நாங்கள் வேலை செய்யும் நாட்களில் மாமா ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருப்பார். மேட்டில் கால் வைக்க மாட்டார்.

மழை விட்டதும் விதைத்தது முளைத்தது. வினையும் அதோடு வந்தது. எங்கள் தெருப் பெண்களெல்லாம் நடவும் களையெடுப்புமாக வளர்ந்தவர்கள். நெல்லைத் தவிர எது முளைத்தாலும் எங்கள் கை தானாகப் பிடுங்கிவிடும். ஒரு நாள் காலை ஊர்க்கதை பேசிக்கொண்டே குந்தியிருந்தோம். நாங்களே விதைத்த தும்பைக் கன்றுகளை அக்கா பிடுங்கிப் போட்டுக்கொண்டே நகர்ந்தது யார் கண்ணிலும் படவில்லை. என் கையிலும் ஒரு பிடி இருந்தது.

"ஏய், அங்க கை வெக்காத!"

மாமா வெறுங்காலோடு ஓடி வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க புடுங்காதம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "சொன்னா நீ இங்கயே வந்து குந்திக்குவன்னு பயந்தேன்."

இவரையா இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்?

அக்கா அழும், சண்டை போடும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பிடுங்கிய கன்றுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"தல எந்தப் பக்கம்?"

மாமா குந்தி, மண்ணில் ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. அக்கா அந்தக் கையைச் சுற்றிக் கன்றுகளைத் திரும்ப நட ஆரம்பித்தது.