கோயில் இல்லாத மலைக்கு ஒரு ரிக்கெற்

நம்மை நம்பாத ஒருவரைக் கதிரையில் இருத்தி, நாமும் நம்பாத ஒரு விலையைக் கொம்பியூட்டரில் காட்டி, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் சந்தேகிப்பதுதான் ரிக்கெற் விற்கிற தொழில்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். சொன்ன விலையை எழுதிக்கொண்டு படியிறங்கிப் போய், காருக்குள் இருந்தபடியே போனில் தேடிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்ப ஏறி வந்து “உங்களிட்ட மட்டும் ஏன் கூட?” என்று கேட்கிற ஆட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் அலுவலகம் ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு மேசை எனக்கு. மற்ற மேசையில் அன்ரன் அண்ணை பயணக் காப்புறுதி விற்கிறார். மன்னார்க்காரர், நல்ல மனுசன். ஆனால் காப்புறுதி விற்று விற்று, யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட ஏன் சொல்கிறார்கள் என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். அவரோடு இருந்து எனக்கும் அது தொற்றிவிட்டது.

மேலே என்ன இருக்கு?

சாந்தினி அக்கா ஒரு பனிக்கால மத்தியானம் வந்தார். ஐம்பது தாண்டியவர். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. கையுறையைக்கூடக் கழற்றாமல் இருந்து, இமயமலையில் உயரமான ஒரு இடத்துக்கு நடந்து போகவேண்டும், குறைந்த செலவில் போகவேண்டும், தனியாகப் போகவேண்டும் என்றார். நான் கயிலாயமா என்று கேட்டேன். இல்லையாம். காத்மாண்டில் பசுபதிநாதர் இருக்கிறாரே என்றேன். நேரம் இருந்தால் கும்பிடலாமாம். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பனி, கல்லுக் குவியல், நிறக் கொடிகள். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்கிற பாதையில் ஆக உயரமான கணவாய் அது. அதைக் கடக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

எங்கள் சனம் மலை ஏறுவது சாமிக்காக. சாமி இல்லாத மலையில் சும்மா ஏறப்போகிறேன் என்று ஒரு குடும்பப் பெண் வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போதாததற்கு, வீட்டு நம்பருக்கு அடிக்கவேண்டாம், தன்னுடைய செல்லுக்கு மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். யாராவது சாமியார் பிடித்துவிட்டாரோ, டொக்டர் ஏதும் சொல்லிவிட்டாரோ, இல்லை வேறு யாரும் ஆளோ என்று என் மனம் ஒரு சுற்று ஓடி வந்தது. கதவு சாத்தியதும் அன்ரன் அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கோயிலும் இல்லை, கலியாணவீடும் இல்லை, செத்தவீடும் இல்லை. உது போற ரிக்கெற் இல்லைப் பிள்ளை, ஓடுற ரிக்கெற்.”

தமிழ் கதைக்கும் நேபாளி

நேபாளத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர் வழிகாட்டி இல்லாமல் இந்தப் பாதைகளில் நடக்கக்கூடாது. அதனால் காத்மாண்டில் ஒரு சின்ன நிறுவனத்தைத் தேடிப் பிடித்தேன். வைத்திருப்பவர் பெயர் பிரகாஷ். விலை மற்றவர்கள் சொன்னதில் பாதிதான் இருக்கும், அது முதல் சந்தேகம். போனை எடுத்ததும் “சாப்டீங்களா மேடம்?” என்று தமிழில் கேட்டார், அது இரண்டாவது. சென்னையில் பல வருடம் ஹோட்டலில் வேலை செய்தவராம். அன்ரன் அண்ணை நம்பவேயில்லை. ஆள் சென்னையில் ஒரு அறைக்குள் மலைப்படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு இருக்கிறான் என்றார். நான் வீடியோவில் கூப்பிட்டு யன்னலுக்கு வெளியே காட்டச் சொன்னேன். எதிர்வீட்டுச் சுவரும், சிக்குப்பட்ட வயர்களும் தெரிந்தன. அதைப் பார்த்தால் அதுவும் சென்னை மாதிரித்தான் இருந்தது. அவர் மூலம் போய்வந்த ஆட்கள் ரொறன்ரோவில் இருந்தார்கள். அவர்களுக்கு அடித்துக் கேட்டேன். அவர்களோ, நான் யார், இதை ஏன் கேட்கிறேன் என்று என்னை விசாரித்தார்கள்.

ஒருவழியாகப் பிரகாஷை நம்புவதென்று முடிவெடுத்த பிறகு அனுமதிக் கட்டணம் வந்தது. இலங்கை, இந்தியா போன்ற அயல்நாட்டுக்காரருக்கு ஒரு விலை, மற்ற வெளிநாட்டுக்காரருக்குக் கூடின விலை. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருந்த சாந்தினி அக்கா நிமிர்ந்து இருந்தார். தான் பிறந்தது யாழ்ப்பாணம், தன்னைப் பார்த்தால் யாருக்கும் வெள்ளைக்காரி மாதிரித் தெரியுமா என்று கேட்டார். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து உண்மையில் எந்த ஊர் என்று மற்றவர்கள் கேட்டுக்கேட்டுச் சலித்துப்போனவர், முதல்தடவையாகத் தானே அதைச் சொல்ல ஆசைப்பட்டார். நானும் பிரகாஷிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை: “அங்க மூஞ்சிய பாக்க மாட்டாங்க மேடம், பாஸ்போர்ட்டத்தான் பாப்பாங்க. மூஞ்சிக்கு டிஸ்கவுண்ட் கிடையாது.”

முதுகில் அரிசி

ரொறன்ரோவில் மலைக்கு எங்கே போவது? நான் ஏறிய ஆக உயரமான இடம் நகரத்து நடுவில் நிற்கிற கோபுரம், அதுவும் லிஃப்டில். சாந்தினி அக்கா தன்னுடைய அப்பார்ட்மென்ற் மாடிப்படிகளைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் முதுகுப்பைக்குள் ஒரு அரிசி மூட்டையை வைத்து, அடியிலிருந்து மொட்டைமாடிக் கதவுவரை ஏறி இறங்குவார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்ரின்ரென்டன் கமராவில் இதைப் பார்த்திருக்கிறார். ஏதோ போதைப்பொருள் கைமாறுகிறது என்றுதான் நினைத்திருப்பார். ஒருநாள் படியில் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே சிவப்புப் பச்சையரிசி. அந்த மனுசன் மூட்டையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இங்கிலிசில் சொன்னதைச் சாந்தினி அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: “லிஃப்ட் வேலை செய்யுது அம்மா. உமக்கு நம்பிக்கை இல்லாட்டி அரிசியை என்னட்டத் தாரும், நான் அதில கொண்டுபோய்க் காட்டுறன்.”

தேவன் அண்ணையின் ஒரு கேள்வி

அதே கட்டடத்தில் இருக்கிற ஒரு அன்ரி, உம்முடைய மனுசி ஒவ்வொரு பின்னேரமும் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடமாடாத மாடிப்படி வழியாகப் போகிறா என்று சாந்தினி அக்காவின் கணவருக்குச் சொல்லிவிட்டார். அவர்தான் தேவன் அண்ணை. ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் வைக்கிற களஞ்சியம் ஒன்றில் வேலை. ஒருநாள் வேலைச் சப்பாத்தோடேயே எங்கள் படியேறி வந்து, கொழும்புக்கு ரிக்கெற் என்ன விலை என்று கேட்டார். எந்த மாதம் என்றேன். தெரியாது என்றார். எத்தனை பேர் என்றேன். அதற்குச் சட்டைப்பையிலிருந்து எங்கள் அட்டையை எடுத்து வைத்து, சாந்தினி எங்கே போகிறா என்று கேட்டார். மனுசியின் பையில் எங்கள் அலுவலக அட்டையைக் கண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது.

ஒருவருடைய பயணத்தை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. அதைச் சொன்னேன். கோபப்படுவார், கத்துவார் என்று அன்ரன் அண்ணை கதிரையைப் பின்னுக்குத் தள்ளி ஆயத்தமாக இருந்தார். தேவன் அண்ணை கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு மனுசனை இவ்வளவு பயத்தோடு என் மேசைக்கு முன்னால் நான் கண்டதில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: “நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், தங்கச்சி. போறதுக்கு மட்டும் எடுத்தவவோ, திரும்பி வாறதுக்கும் சேத்து எடுத்தவவோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

சாப்பாட்டு நேரத்தில் சொன்ன பொய்

அவர் போனதும் சாந்தினி அக்காவின் செல்லுக்கு அடித்தேன். உடனே வரச் சொன்னேன். வந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அக்கா, வீட்டில் ஒரு மனுசன் நீங்கள் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்து வெந்துகொண்டிருக்கிறார், எனக்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு கண் கலங்கியது. பிறகு சொன்னார்.

வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரி நேபாளம் போய்வந்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் படம் காட்டியிருக்கிறாள். சாந்தினி அக்காவின் பக்கம் திரும்பி, உனக்கு இது தெரிந்த இடம்தானே என்று கேட்டிருக்கிறாள். அத்தனை வருடமும் அந்த மேசையில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லையாம். கேட்ட நேரத்தில் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஓம், சின்ன வயதில் அந்தக் கணவாயைக் கடந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாப்பிட இருந்தால் மலைக் கதைதான். இவருக்கோ கனடா வரும்வரை பனி என்றாலே என்னவென்று தெரியாது. என் சந்தேகப்பட்டியலில் இருந்த சாமியார், டொக்டர், வேறு ஆள் மூவரும் ஒரேயடியாகக் காணாமல் போனார்கள். சாந்தினி அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மேல எப்பிடி இருந்தது எண்டு கேக்கிறாள். குளிர் எண்டு சொன்னன். ஒவ்வொரு நாளும் குளிர் எண்டு சொல்லேலுமே? ஒருக்காப் போய் வந்தா நான் பொய்க்காரி இல்லை.”

காரை விட்டு இறங்கவேணுமோ?

வீட்டில் சொல்லவேண்டும், ஆனால் கோயில் இல்லாமல் சொல்ல முடியாது. வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இறங்கினால் முக்திநாத். எங்கள் ஆட்கள் பேரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிடுகிற பெருமாள் கோயில். முக்திநாத்துக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லச் சொன்னேன். சாந்தினி அக்கா அப்படியே சொன்னார். தேவன் அண்ணை அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டாராம்.

மருந்து அளவுக்கு மிஞ்சி வேலை செய்தது. தேவன் அண்ணை தானும் வருகிறேன் என்றார். றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற தன் அக்காவுக்கும் சொன்னார். கோயில் பக்கம் ஜீப் போகும் என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் ஜீப்பிலேயே போய் வருவது என்று முடிவாகிவிட்டது. நடை இல்லை, கணவாய் இல்லை. சாந்தினி அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். அரிசி சுமந்ததெல்லாம் ஜீப்பில் பின்சீற்றில் இருக்கவா என்று அந்த முகமே கேட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சாள் றிச்மண்ட் ஹில்லிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். விமானம், சாப்பாடு, சுடுதண்ணீர் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: “கும்பிடுறதுக்குக் காரை விட்டு இறங்கவேணுமோ, இல்லாட்டி இருந்தபடி தெரியுமோ?”

இரண்டு பாதை

அன்ரன் அண்ணை இந்தக் கட்டத்தில் கட்சி மாறிவிட்டார். ஓடுகிற ரிக்கெற் என்று சொன்ன அதே ஆள், அந்தப் பிள்ளையை நடக்க விடுங்கோ என்று நின்றார். உயரத்துக்கும் சேர்த்து ஒரு காப்புறுதியைத் தேடி எடுத்தார். தலையிடித்தால் மறைக்கக்கூடாது, மேலே ஏறவும் கூடாது, உடனே இறங்கவேண்டும் என்று பாடம் எடுத்தார். சாந்தினி அக்காவும் அன்று மாலை வீட்டில் முதல்தடவையாகக் குரலை உயர்த்தி, கோயிலுக்கு வருவேன், ஆனால் மலையைக் கடந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டார். எதற்காக என்று தேவன் அண்ணை கேட்டதற்கு, போய் வந்து சொல்கிறேன் என்றாராம். அந்தப் பதில் அவருடைய பழைய பயத்தைத் திரும்பக் கிளப்பிவிட்டது. தனியாக ஏன், வழிகாட்டி யார், ஆம்பிளையா என்று எனக்கு மூன்று தரம் போன் எடுத்தார். பெண் வழிகாட்டிதான் என்று படமும் அனுப்பினேன். படத்தை யாரும் மாற்றலாம்தானே என்றார். நான் களைத்துப்போய்ப் பிரகாஷிடம் முறையிட்டேன். எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிந்தது அவருக்கு ஒரு நிமிட வேலை: “அக்கா மேல இருந்து வரட்டும், சார் கீழ இருந்து ஜீப்புல வரட்டும். நடுவுல கோயில் இருக்கு, யாரும் தப்பிக்க முடியாது மேடம்.”

ஆரோட?

திரும்பி வந்த கிழமையே சாந்தினி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். மூக்கும் கன்னமும் வெயிலில் எரிந்து தோல் உரிந்திருந்தது. கணவாயைக் கடந்துவிட்டார். மேலே போனதும் குந்தியிருந்து அழுதாராம், ஏனென்று கேட்டால் சந்தோசம் என்றார். வேலையிடத்து வெள்ளைக்காரியிடம் சொன்னீர்களா என்றேன். அவள் இப்போது ஸ்பெயினைப் பற்றித்தான் கதைக்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையைத் தேவன் அண்ணைக்குச் சொல்லிவிட்டாராம். அந்த மனுசன் இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாராம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. முக்திநாத்தில் தன் றிச்மண்ட் ஹில் அக்காவோடு தங்கியிருந்த தேவன் அண்ணை, விடிந்ததும் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணவாய்ப் பாதையில் ஏறத் தொடங்கிவிட்டார். மனுசி யாரோடு இறங்கி வருகிறா என்று தன் கண்ணால் பார்க்கத்தான். ஜீப்பில் வந்து இறங்கின உடம்பு, அந்த உயரத்தில் எப்படித் தாங்கும்? மேலே ஒரு தேநீர்க் கடையைத் தாண்டியதும் தலை வெடிக்கிற மாதிரி இடிக்க, ஒரு கல்லில் குந்தி, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்திருக்கிறார். வழிகாட்டிப் பிள்ளை சப்பாத்துக் கயிறு கட்டப் பின்னால் நின்றதால், வளைவில் சாந்தினி அக்கா மட்டும் தனியாக இறங்கி வந்தார். பிறகு இரண்டு பெண்களும் இரண்டு பக்கம் தாங்கி அவரைக் கோயிலடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இறங்க இறங்கத் தலையிடி குறைந்துவிட்டதாம். அன்ரன் அண்ணையும் நானும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். சாந்தினி அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: “சத்தி எடுத்துக்கொண்டு இருந்த மனுசன் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, ‘ஆரோட வந்தனீ?’ நான் சொன்னன், ‘என்ர ரெண்டு காலோட வந்தனான். எழும்புங்கோ, உங்களையும் கூட்டிக்கொண்டு போறன்.’”

இத்தனை பேர் இத்தனை விதமாகச் சந்தேகப்பட்ட இந்தப் பயணத்தில், போகிறேன் என்று சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போய்ச் சொன்னபடி வந்தவர் சாந்தினி அக்கா ஒருவர்தான் என்பதால், இனி யாரைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் நானும் அன்ரன் அண்ணையும் கொஞ்ச நாளாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.